எண்ணில் அடங்காத உறவு



மேட்டுப்பாளையம் கடந்து மலையேறினால் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் ஒரு மக்கள் கூட்டம் வாழ்கிறது. இலங்கையில் அவர்களுக்கு ‘இந்தியத் தமிழர்’ என்று பெயர். இங்கே ‘சிலோன்காரர்’ என்று பெயர். இரு மண்ணிலும் அயலாராக அழைக்கப்பட்ட அம்மக்களின் வரலாறு கொங்கு நாட்டு இலக்கியத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை நாடாளுமன்றத்துக்கு இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரை அனுப்பியது. அவருள் ஒருவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

எண்களைப் பங்கிடலாம், குடும்பத்தைப் பங்கிடலாகுமோ? பெற்றோர் ஒரு பட்டியலிலும் மணமுடித்த பிள்ளைகள் மறு பட்டியலிலும் அமைந்தனர். தலைமன்னார்த் துறைக்குச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். ஏட்டில் ஏறாத கவிதை அது.

தாயகம் திரும்பியோர்க்காக 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அவர்கள் குடியுரிமையோடு வந்தவர்கள். 1983க்குப் பின் உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்தோர் நிலை வேறு. அவருள்ளும் மலையக வழியினர் பலர். கோவைப் பூலுவப்பட்டியிலும் பவானிசாகரிலும் இன்றும் முகாம்கள் உள்ளன. 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் தந்தை இந்தியரே ஆயினும், தாய் சட்டவிரோதமாகக் குடியேறியவர் எனக் கருதப்பட்டால் அக்குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. பாட்டனார் விட்டுச் சென்ற மண்ணில் பிறந்த பேரனும் அயலானாகிறான்!

இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகளின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை.

சட்டத்தை மாற்றுவது ஆட்சியாளர் பணி. மறக்கவிடாமல் காப்பது கவிஞர் பணி. அழுகைக் கோச்சியில் வந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், அடுத்த பத்தாண்டில் அவர்தம் பாடல்களையும் ஒப்பாரிகளையும் கேட்டுத் தொகுக்குமாயின் அதுவே பெருந்தொண்டாகும்.