நாலு வழி ஜங்ஷனும் பத்தாயிரம் வழி எண்ணும்

(தலைப்பு: சாதனைக்குப் பெரிதும் காரணம் பிறவி மேதைமையா? விடாத உழைப்பா? ‘உழைப்பே’ அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, அரக்கோணத்துப் பெருமக்களே, தாய்மார்களே!

எதிரணி நண்பர் கணிதமேதை ராமானுஜனைச் சொன்னார். “நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னாள், அவர் எழுதினார். இதுல உழைப்பு எங்கே?” என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்தே நான் தொடங்குகிறேன்.

உங்க ஊர் ஏன் ஜங்ஷன்? சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டுன்னு நாலு பக்கமும் ரயில் பிரிஞ்சு போகுது. எண்களிலும் ஜங்ஷன் உண்டு. 13 முறுக்கை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமமாப் பங்கு போடுங்க பார்ப்போம்! ஒருத்தருக்குக் கொடுக்கலாம், இல்லே 13 பேருக்குக் கொடுக்கலாம். வேற வழியில்லை. 12 முறுக்கு? 1, 2, 3, 4, 6, 12 பேருன்னு ஆறு வழி. 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வழி கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்ணுக்கு ‘ஹைலி காம்போசிட்’ எண் என்று பெயர்.

இந்த எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்க இதழில் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். அதில் 102 எண்களை வரிசையாப் பட்டியல் போட்டார். கடைசி எண் எது தெரியுமா? 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800! 2-ஐ ஆறு முறை, 3-ஐ நாலு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 இவற்றை ஒவ்வொரு முறை பெருக்கினால் வரும். வழி எத்தனை? அந்தத் தடவைகளோடு ஒவ்வொண்ணு கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2×2. மொத்தம் 10,080 வழி!

கால்குலேட்டர் இல்லாத காலம். இந்த எண்களுக்கான விதிகளைக் கண்டுபிடித்தது மேதைமை, ஒத்துக்கறேன். பட்டியலைப் போட்டது யார்? கைதானே ஐயா?

அதுக்குச் சாட்சியும் இருக்கு. பட்டியலில் ஒரு எண் விட்டுப்போச்சு. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்க, பட்டியலின் கடைசி எண் அப்படியே வரும்! கடைசி எண்ணைப் பிடிச்சவருக்கு நடுவுல ஒண்ணு நழுவிடுச்சு. தாயாரின் அருளை நான் மறுக்கலை. ஆனா தாயாரே பட்டியலைப் படிச்சுக் காட்டியிருந்தா ஒண்ணு விடுமா? உட்கார்ந்து போட்ட கணக்குலதான் ஐயா விடும்!

ஒண்ணு விட்டதால அவர் பெருமை குறைஞ்சுதா? இந்த ஆராய்ச்சிக்குத்தான் கேம்பிரிட்ஜ் 1916-இல் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது.

இதை நான் ஏன் சொல்றேன்? எத்தனை வீட்டில், “எங்க பொண்ணுக்குக் கணக்கு வராதுங்க, அதெல்லாம் பிறவியிலேயே இருக்கணும்”னு அந்தக் குழந்தை காதுபடவே சொல்றோம்! அந்தச் சொல்லைக் கேட்டபிறகு அது பென்சிலைத் தொடுமா? தாய்மார்களே, ராமானுஜன் பட்டியலிலேயே ஒண்ணு விட்டுப்போயிருக்கு. உங்க பிள்ளை நோட்டில் ரெண்டு தப்பு இருந்தா என்ன? “இன்னொரு தடவை போட்டுப் பாரு கண்ணு”ன்னு சொல்லுங்க.

அந்த இன்னொரு தடவைக்குப் பேர்தான் உழைப்பு. அதற்கே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.