நம் கைக்கு வந்த ஓவியக்கூடம்



உங்களில் எத்தனை பேர் ஓர் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்து, ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்று பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொன்னால் அதிகம் உயராது. அது உங்கள் குற்றமில்லை. நம் ஊர்களில் சினிமாக் கொட்டகை இருந்தது, நூலகம் இருந்தது, கோயில் மண்டபம் இருந்தது. நவீன ஓவியம் பார்ப்பதற்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. ஆனாலும் நான் உறுதியாகச் சொல்வேன், நீங்கள் நவீன ஓவியம் பார்த்திருக்கிறீர்கள். ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டையில், ஒரு சிற்றிதழின் நடுப்பக்கத்தில், ஒரு தொடர்கட்டுரையின் ஓரத்தில் பார்த்திருக்கிறீர்கள். அப்படி ஓவியத்தை நம் கைக்கே கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் கே.எம். ஆதிமூலம். அவரைப் பற்றிப் பேசத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

1938இல், இந்தத் திருச்சி மாவட்டத்தில், துறையூருக்குப் பக்கத்தில் கீராம்பூர் என்ற கிராமத்தில் பிறந்தவர் அவர். வரைய வேண்டும் என்ற ஆசை ஒன்றைத்தான் முதலாகக் கொண்டு சென்னைக்குப் போனார். அங்கே சிற்பி எஸ். தனபால் அவருக்கு வழிகாட்டினார். ஒரு கிராமத்துப் பையனின் கையில் இருப்பது என்ன என்பதை அடையாளம் கண்டுகொள்ள ஒரு மூத்தவர் வேண்டும். தனபால் அப்படிப் பலரை அடையாளம் கண்டவர். அவர் வழியாக ஆதிமூலம் எழும்பூரில் உள்ள ஓவியக் கல்லூரிக்குள் போனார். 1966இல் படிப்பை முடித்து வெளியே வந்தார்.

அந்தக் கல்லூரி 1850இல் ஆங்கிலேய மருத்துவர் ஒருவரால் தொடங்கப்பட்டது. அதன் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். மேற்கிலிருந்து வரும் பாணிகளைப் பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு, நம் மண்ணிலிருந்து ஒரு நவீன ஓவியம் எழும்ப முடியாதா என்று அவர் கேட்டார். கோயில் சிற்பத்தில் ஓடும் கோடு, ஜாதகக் கட்டத்தில் இருக்கும் எழுத்து, நாட்டார் பொம்மையின் வடிவம் எல்லாம் அங்கே பாடமாயின. வங்கத்துக்கு அதன் நீர்வண்ணம் எப்படியோ, சென்னைக்குக் கோடு அப்படி ஆயிற்று. ஆதிமூலம் அந்தக் கோட்டின் தலைமகன்.

நண்பர்களே, 1969 காந்தியின் நூற்றாண்டு. நாடெங்கும் சிலைகள் எழுந்தன, தபால்தலைகள் வந்தன, நாட்காட்டிகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு, ஒரே கண்ணாடி, ஒரே கைத்தடி. அந்தச் சமயத்தில் ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். காந்தி சுடப்பட்டபோது அவருக்குப் பத்து வயதை ஒட்டிய பிராயம். அவருக்குக் கிடைத்தவை புகைப்படங்கள்தாம். புகைப்படம் பார்த்து எழுதுவது எளிது. அதை மீறி உள்ளே போவது கடினம். அவருடைய காந்தியைப் பாருங்கள். சில படங்களில் கோடுகள் முள்வேலியைப் போல ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, அந்த நெருக்கடிக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்லப் புலப்படும். சில படங்களில் நாலைந்து இழுப்புகளில் ஒரு முதியவர் நடந்து போவார். முகத்தை வரையவே வேண்டியதில்லை, அந்த நடையே போதும். பீடத்தில் ஏற்றி வணங்கிக்கொண்டிருந்த ஒருவரை மீண்டும் சதையும் எலும்பும் களைப்பும் கொண்ட மனிதராகக் காட்டினார் அவர். நூற்றாண்டுக்காகச் செய்யப்பட்ட காரியங்களில் காலம் தாண்டி நிற்பவற்றுள் அந்தக் கோடுகளுக்கு இடமுண்டு.

அதே கைதான் அரசர்களையும் வரைந்தது. கிரீடம், ஆரம், மீசை, உடைவாள் எல்லாம் இருக்கும். ஆனால் அந்த மகாராஜாக்களின் உடம்பு நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருக்கும். அலங்காரம் அப்படியே இருக்க, ஆள் உள்ளே கரைந்துபோயிருப்பார். சமஸ்தானங்களும் ஜமீன்களும் ஒழிந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அதிகாரம் போன பிறகு ஆடம்பரம் எப்படித் தெரியும் என்பதை எந்த வரலாற்று நூலைக் காட்டிலும் தெளிவாக அந்தப் படங்கள் சொல்கின்றன. ஒரு புறம் ஒன்றுமே அணியாத காந்தி. மறுபுறம் எல்லாம் அணிந்த அரசன். இரண்டையும் ஒரே பேனா முனையில் வைத்துப் பார்த்த மனம் எவ்வளவு பெரிய மனம்!

இனி என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். இந்தக் கோடு தமிழ் இலக்கியத்துக்குள் எப்படி நுழைந்தது?

இளைய நண்பர்களுக்கு அன்றைய அச்சுத்தொழிலைச் சொல்ல வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் கட்டிய காலம் அது. படம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும். புகைப்படமோ நிழல் விழுந்த ஓவியமோ என்றால் ஹாஃப்டோன் பிளாக். படத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்க வேண்டும், அதற்கு வழவழப்பான தாள் வேண்டும். மட்டமான தாளில் அடித்தால் முகமே மையில் அப்பிப்போகும். கோட்டோவியத்துக்கு லைன் பிளாக் போதும். சாதாரணத் தாளில், சின்ன டிரெடில் இயந்திரத்தில் அடித்தாலும் கோடு கோடாகவே விழும். கையில் காசில்லாத சிற்றிதழுக்குக் கட்டுப்படியான ஒரே ஓவியம் கோட்டோவியம். இப்படி ஓர் ஏழ்மையும் ஒரு மேதைமையும் ஒரே காலத்தில், ஒரே ஊரில் சந்தித்துக்கொண்டன.

1970இல் 'கசடதபற' என்ற சிற்றிதழ் தொடங்கியது. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி போன்ற எழுத்தாளர்கள் சேர்ந்து இயங்கிய காலம். புதுக்கவிதை எழுதியவர்களும் புதிய நாடகம் எழுதியவர்களும் புதிய ஓவியம் வரைந்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினார்கள். கவிஞர் ஓவியக் கல்லூரிக்குப் போனார், ஓவியர் கவிதை படித்தார். சில நூறு பேர் வாங்கும் இதழில் ஆதிமூலத்தின் கோடு வந்தது. பின்னர் 1974இல் க்ரியா பதிப்பகம் தொடங்கியபோது, ஒரு புத்தகம் கையில் எடுத்தவுடனேயே மரியாதையைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ்ப் பதிப்புலகில் வேரூன்றியது. அந்த மாற்றத்திலும் ஆதிமூலத்தின் தூரிகைக்குப் பங்குண்டு.

இன்று பெரிய நகரங்களில் கண்காட்சிகளைத் தொகுத்து அமைக்கும் கியூரேட்டர்கள் இருக்கிறார்கள். எந்தப் படத்தை யார் முன்னால், எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. அதற்கு ஒரு பெயர்கூட இங்கே வழங்காத நாளில், சிற்றிதழ் ஆசிரியர்களும் ஓவியர்களும் அந்த வேலையைச் செய்தார்கள். ஒரு கவிதைக்கு எதிர்ப்பக்கத்தில் எந்தக் கோடு, ஒரு நாடகத்துக்கு எந்த அட்டை என்று அவர்கள் யோசித்து வைத்ததெல்லாம் கண்காட்சிதான். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. தபாலில் நம் வீடு தேடி வந்த கண்காட்சி.

அவருக்கு முன்னால் நம் இதழ்களில் படம் வரைந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். மணியம் வரையாவிட்டால் நமக்கு வந்தியத்தேவன் முகம் ஏது? சில்பி வரையாவிட்டால் நம் கோயில் சிற்பங்களை வரவேற்பறையில் பார்த்திருப்போமா? கோபுலுவின் ஒரு வளைவில் தஞ்சாவூர்க் குடும்பமே சிரிக்குமே! அவர்கள் கதையைக் கண்ணுக்குக் காட்டினார்கள். ஆதிமூலம் வேறொரு காரியம் செய்தார். கதையில் வரும் காட்சியை அவர் திரும்ப வரையவில்லை. கதை மனத்தில் எழுப்பும் அதிர்வைத் தன் கோட்டில் தனியாக எழுப்பினார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது கூடவே அவர் கோடுகளும் வந்தன. கி.ரா. சொல்லும் மனிதர்களின் வறட்சியும் வீம்பும் நக்கலும் அந்தக் கறுப்பு இழுப்புகளில் இருந்தன. லட்சக்கணக்கான வாசகர்கள், நவீன ஓவியம் என்று தெரியாமலேயே, புரியவில்லை என்று ஒரு முறைகூட முணுமுணுக்காமல், அதை ஏற்றுக்கொண்டார்கள். நவீன ஓவியம் மக்களுக்குப் புரியாது என்று சொல்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

எழுத்துகளையும் அவர் விடவில்லை. புத்தகத் தலைப்புகளை அவர் தூரிகையால் எழுதினார். அச்சுக்கூடத்து எழுத்தில் இல்லாத தடிப்பும் உடைவும் வேகமும் அவற்றில் இருந்தன. நாம் தினமும் எழுதும் எழுத்தே ஓர் ஓவியம் என்று கண்ணுக்குக் காட்டினார்.

இவ்வளவு புகழ் தந்த கறுப்புக் கோட்டோடு அவர் நின்றுவிடவும் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் எண்ணெய் வண்ணத்துக்குப் போனார். உருவம் போயிற்று, கோடு போயிற்று. நிலமும் வெளியும் வெளிச்சமும் வண்ணப் பரப்புகளாக நின்றன. வெற்றி பெற்ற பாணியைக் கடைசிவரை விற்றுக்கொண்டிருக்கலாம். அவர் புதிதாகத் தொடங்கினார். வண்ணத்தில் கிடைத்த பெயர் அவரை இந்தியா முழுவதும் அறியச் செய்தது. ஆனால் நண்பர்களின் புத்தகத்துக்கு அட்டை கேட்டால் வரைந்து கொடுப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 2008 ஜனவரி 15, பொங்கல் திருநாளில், சென்னையில் காலமானார்.

அவர் போய் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நாம் என்ன செய்திருக்கிறோம்? பழைய புத்தகம் ஒன்று தளர்ந்துபோனால் கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்கிறோம். அப்போது முதலில் கழிவது ஓவியர் வரைந்த அட்டைதான். உள்ளே இருக்கும் எழுத்து பிழைத்துக்கொள்கிறது, வெளியே இருந்த ஓவியம் குப்பைக்குப் போகிறது. தேசிய நவீனக் கலைக்கூடம் டெல்லியில் இருக்கிறது, மும்பையில் இருக்கிறது, பெங்களூரில் இருக்கிறது. ஓர் ஓவிய இயக்கத்தையே பெற்றெடுத்த சென்னையில் இல்லை. இணையத்தில் அகப்பட்ட ஏதோ ஒரு படத்தை எடுத்து அட்டையாகப் போட்டு, வரைந்தவர் யார் என்று கேட்காமல் அச்சுக்கு அனுப்பும் பழக்கமும் பரவிவருகிறது.

ஆகவே இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். நூலகர்களே, பைண்டு செய்யும்போது மூல அட்டையைக் கிழிக்காமல் உள்ளே வைத்துத் தையுங்கள். அரசினரே, தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்படியாக்கி வைத்திருக்கிறது. அட்டைகளையும் இதழோவியங்களையும் ஓவியர் பெயரோடு தனிப் பட்டியலாகத் தொகுத்துத் தாருங்கள், சென்னை ஓவிய மரபுக்கென்று நிரந்தரமான ஒரு கூடம் கட்டுங்கள். பதிப்பாளர்களே, அட்டை வரைந்தவருக்கு உரிய ஊதியத்தைக் கொடுங்கள், அவர் பெயரைப் படிக்கக்கூடிய அளவில் அச்சிடுங்கள்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தத் திடலில் ஒரு புத்தகத்தை வாங்கும் முன் அதன் அட்டையை வரைந்தவர் பெயரைத் தேடுங்கள். பெயர் இல்லையென்றால், கடையில் நிற்பவரிடம் கேளுங்கள். நூறு பேர் கேட்டால் அடுத்த பதிப்பில் அந்தப் பெயர் வரும்.