வங்கி மாறினால் கடன் மாறுமா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, இன்றும் முதல் வரிசையில் அமர்ந்து "இவன் என்ன சொல்லப் போறானோ" என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, விடுதி ரசத்தைக் குடித்தும் உயிரோடு இருக்கிற நண்பர்களே, அவர்களைச் சகித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே!

"பழைய கதை வேண்டாம்ப்பா, ஏதாவது உபயோகமா பேசு" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வங்கியின் சட்டப் பிரிவில் உட்கார்ந்து தலை நரைத்தவனுக்கு உபயோகமாகத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். ஒரு வங்கியை இன்னொரு வங்கி எடுத்துக்கொண்டால், பழைய வங்கி கொடுக்க வேண்டியதை யார் கொடுப்பது? அதற்கு வர வேண்டியதை யார் வாங்குவது?

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே வருஷம் நவம்பரில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி போயிற்று. இந்த ஹாலில் பாஸ்புக்கில் பெயர் மாறாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் பாதிப் பேர்கூடத் தூக்க மாட்டீர்கள்.

அடிப்படையிலிருந்து வருகிறேன். டெபாசிட் என்று நாம் சொல்வது வங்கிக்கு நாம் கொடுத்திருக்கிற கடன். பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொடுத்த பணம் அல்ல அது. வங்கி நமக்குக் கடன்காரன். சாதாரணச் சட்டப்படி கடன்காரன் தன் இடத்தில் இன்னொருவனை நிறுத்திவிட்டுப் போக முடியாது. கடன் கொடுத்தவன் சம்மதிக்க வேண்டும். என்னிடம் பத்தாயிரம் வாங்கியவர், "இனிமே என் மச்சான்கிட்ட கேட்டுக்கோ" என்றால் நான் ஒத்துக்கொள்வேனா? லட்சுமி விலாஸ் வங்கிக்கு டெபாசிட்தாரர்கள் மட்டும் இருபது லட்சம் பேர். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியமா? அதனால்தான் சட்டமே வந்து ஒரே தேதியில், ஒரே அறிவிப்பில், அத்தனை கடனையும் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிவைக்கிறது.

இதற்கு வழிகள் மூன்று. அரசுடைமை வங்கிகளுக்கு 1970-ஆம் வருஷச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. தனியார் வங்கிகள் மனமொத்துச் சேர்ந்தால் 1949-ஆம் வருஷ வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு. நோயாளி வங்கியை அரசாங்கமே பிடித்துக் கட்டிவைத்தால் 45-ஆம் பிரிவு. இந்த மூன்றாவதுதான் இன்றைக்கு நம் விஷயம்.

45-ஆம் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. 1960 ஆகஸ்டில் கேரளத்துப் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. நேரே நீதிமன்றத்தில் கலைப்பு நடவடிக்கை. நம் சென்னைக்கு இது புதிதல்ல, 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோதே பார்த்தாயிற்று. பாலா வங்கி மூடிய அதே வருஷத்தில் சட்டத்தைத் திருத்தி, தள்ளாடுகிற வங்கியை விழுவதற்கு முன்பே இன்னொன்றோடு சேர்க்கும் அதிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். ரிசர்வ் வங்கி திட்டம் போடும். மத்திய அரசு ஒப்புதல் தரும். அந்தத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் தலையெழுத்து. பேப்பரில் வருகிற தலைப்புச் செய்தி அல்ல.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். இரண்டும் நம்ம ஊர் வங்கிகள்.

கருமுத்து தியாகராசர் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா, 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு சேர்ந்தது. அது மனமொத்த கல்யாணம். மதுரா வங்கிப் பங்கு ஒன்றுக்கு ஐசிஐசிஐ வங்கிப் பங்கு இரண்டு. அந்த வழியில் பங்குதாரர்களில் மதிப்பின்படி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிடிக்காதவர் எதிர்த்து ஓட்டுப் போட்டால், தன் பங்குக்கு ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் விலையை வாங்கிக்கொண்டு வெளியேறலாம்.

இனி கரூர். 1926-இல் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரும் இன்னும் சில வணிகர்களும் சேர்ந்து ஆரம்பித்தது லட்சுமி விலாஸ் வங்கி. 94 வருஷம் நடந்தது. 2020 நவம்பர் 17 மாலை தடைக்காலம் அறிவித்தார்கள். ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அன்றைக்கே வரைவுத் திட்டம் வெளியாயிற்று. ஆட்சேபம் சொல்ல 20-ஆம் தேதி வரை அவகாசம். மூன்று நாள்! 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல், 27-ஆம் தேதி டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கம்பெனியோடு இணைப்பு. டெபாசிட்தாரருக்கு ஒரு பைசா குறையவில்லை. ஊழியர்கள் அதே சம்பளத்தில் தொடர்ந்தார்கள். பங்குதாரருக்கு? பூஜ்யம். முழுப் பங்கு மூலதனமும் எழுதித் தள்ளப்பட்டது. நவம்பர் 17 பகலில் சந்தையில் விலைபோன பங்கு, பத்து நாளில் வெறும் காகிதம்.

கரூர்ப் பக்கம் அந்தப் பங்கைத் தாத்தா வாங்கினார், அப்பா வைத்திருந்தார் என்று நகை மாதிரிப் பாதுகாத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அது முதலீடு மட்டுமல்ல, ஊர்ப் பெருமை. உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள், இணைப்பு நிற்கவில்லை. சட்டத்தின் வரிசை அப்படி. எல்லாக் கடனையும் அடைத்த பிறகு மிச்சமிருந்தால்தான் சொந்தக்காரனுக்கு; பங்குதாரர் என்பவர் சொந்தக்காரர். வங்கியின் சொத்தைவிடக் கடன் அதிகமாகிவிட்டால் மிச்சம் ஏது? அந்த நியாயத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாள் அவகாசத்தை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம்ம காலேஜில் ரீவேல்யூவேஷனுக்கே அதைவிட அதிக நாள் கொடுத்தார்கள்.

பங்குதாரருக்கு முன்னால் இன்னொரு கூட்டம் நின்றது, அதைப் பலரும் கவனிக்கவில்லை. அந்த வங்கி வெளியிட்ட இரண்டாம் அடுக்கு மூலதனக் கடன் பத்திரங்கள், 318 கோடியே 20 லட்சம் ரூபாய். இணைப்புக்கு முந்தின நாள் அவையும் எழுதித் தள்ளப்பட்டன. 'பாண்டு' என்று பெயர் இருக்கிறது, வட்டி வருகிறது, அப்புறம் அது கடன்தானே என்று கேட்பீர்கள். கடன்தான். ஆனால் வங்கி பிழைக்காது என்று ரிசர்வ் வங்கி சொன்னால் அழித்துவிடலாம் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்திலேயே இருக்கிறது. வங்கி கவுன்ட்டரில் யாராவது "சார், எஃப்.டி.யைவிட ஒண்ணரை பர்சன்ட் ஜாஸ்தி" என்று ஏதாவது ஃபாரத்தை நீட்டினால், அது டெபாசிட்டா பாண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்போ டெபாசிட்டுக்கு எப்போதும் ஆபத்தே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. திட்டத்தில் டெபாசிட்தாரரின் உரிமையையும் குறைக்கலாம் என்றே 45-ஆம் பிரிவு சொல்கிறது. மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 2022 ஜனவரியில் யூனிட்டி ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கியோடு சேர்க்கப்பட்டது. இன்ஷூரன்ஸ் உள்ள ஐந்து லட்சம் முதலில் கிடைத்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்குத் தவணை தவணையாக, கடைசிப் பாக்கி பத்து வருஷம் கழித்து. முதல் ஐந்து வருஷத்துக்கு மிச்சப் பணத்துக்கு வட்டி கிடையாது. எழுபது வயதுக்காரருக்குப் பத்து வருஷம் கழித்துத் தருகிறேன் என்றால் என்ன அர்த்தம்? கடன் புது வங்கிக்கு வந்துசேர்ந்தது உண்மை. எப்போது கொடுப்பது என்பதையும் அந்தத் திட்டமே தீர்மானித்தது.

இனி மறுபக்கம், வங்கிக்கு நாம் தர வேண்டிய கடன். இங்கேதான் நம்மவர்கள் கற்பனையில் மிதக்கிறார்கள். "நான் வாங்கின பேங்க்கே இல்லை, யாருக்குக் கட்டறது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிரிக்காமல் கேட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்றவர். சித்தப்பா மகனின் விசைத்தறிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் கொடுத்த வங்கி இன்னொன்றோடு சேர்ந்தது, தறி நொடித்தது, தம்பி ஊரைவிட்டே போய்விட்டார். புது வங்கியின் பெயரில் நோட்டீஸ் வந்தபோது, "இது நமக்கில்லை" என்று டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். கோர்ட் சம்மனையும் அதே பெட்டியில் வைத்தார். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, வீடு ஜப்திக்கு வந்தபோதுதான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. "நான் கையெழுத்துப் போட்டது உங்க பேங்க்குக்கு இல்லையே சார்?" என்று கேட்டார். வாத்தியார், பாருங்கள். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இணைப்புத் திட்டத்தின் வாசகம், பழைய வங்கியின் அடமானம், ஜாமீன், புரோநோட்டு எல்லாமே புது வங்கிக்கே எழுதிக்கொடுத்தது போலச் செல்லும் என்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். நான் எதிர்த்தரப்பு வக்கீல் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் மேலிடத்துக்கு எழுதி, வட்டியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்ய வைத்தேன். வீட்டை ஒட்டிய காலி மனையை விற்றுக் கட்டினார். பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது, அது ஒன்று தப்பியது. முதல் நோட்டீசுக்குப் பதில் போட்டிருந்தால் மனையும் தப்பியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு நுணுக்கம். வங்கி மாறினால் காலவரம்பு புதிதாகத் தொடங்காது. பழைய கடனுக்கு ஓடிய காலம் ஓடியதுதான். ஆனால் இணைப்புக்குப் பிறகு, "பேலன்ஸ் சரியா என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்று ஒரு கடிதம் வரும். கெடு முடிவதற்குள் அதில் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதுக் காலவரம்பு. போடாதீர்கள் என்று சொல்லவில்லை, நானே அந்தக் கடிதங்களை அனுப்பிக்கொண்டிருந்தவன்! தொகையைச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள். அதே மாதிரி, பழைய மேனேஜர் வாயால் சொன்ன சலுகை எதுவும் இடம் மாறி வராது. காகிதத்தில் இருப்பது வரும்.

புது வங்கிக்குப் போகாத கடன் எதுவுமே இல்லையா என்றால், ஒன்று உண்டு. குற்றம். ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற கம்பெனி லட்சுமி விலாஸ் வங்கியில் போட்டிருந்த 791 கோடி ரூபாய் டெபாசிட்டை, வேறு கம்பெனிகளின் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள் என்று கிரிமினல் வழக்கு. இணைப்புக்குப் பிறகு டிபிஎஸ் வங்கியை எதிரியாக நிறுத்தினார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பழைய வங்கியின் அதிகாரிகள் செய்ததற்குப் புது வங்கி குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை. சம்பந்தப்பட்ட நபர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பணத்துக்கான உரிமை வழக்கு வேறு, தண்டனை வேறு. இது சரி என்றே நான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் மூழ்குகிற வங்கியைத் தூக்க எவன் கை நீட்டுவான்?

பின்வரிசையிலிருந்து நண்பர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். டாக்டர் கையெழுத்து, படிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. "பழைய வங்கி மேல் நான் போட்ட கேஸ் நிலுவையில் இருக்கிறது. அது என்ன ஆகும்?" கேஸ் சாகாது, ஐயா. திட்டத்திலேயே, நிலுவை வழக்குகள் புது வங்கிக்கு எதிராகத் தொடரும் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வக்கீலிடம் சொல்லி, அரசிதழ் அறிவிப்பின் நகலோடு எதிர்வாதியின் பெயரைத் திருத்த ஒரு மனு போடச் சொல்லுங்கள். சாயந்திரம் காபி நேரத்தில் காகிதங்களைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஃபீஸ் ஒரு மசால்வடை.