நிலத்தைப் பாடமாக வகுத்தல்
(நிலச் சூழலியல் பட்டப்படிப்புப் பாடத்திட்டக் கருத்தரங்கின் தலைமை உரை, அவிநாசி)



சம்பிரதாயத்தை ஒட்டி முதலில் ஸ்தல மகிமையைச் சொல்ல வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் முதலை விழுங்கிய பாலகனை மீட்டுத் தந்த தலம் இது என்பதைக் கொங்கு நாட்டாருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், முதலை வசிக்கத்தக்க மடு இவ்வூரில் இருந்தது என்பதைக் கேட்டவர் யாரும் ஆட்சேபிக்காமல் ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றை எட்டிப் பார்த்து ஏமாந்த தலைமுறையைச் சேர்ந்த நமக்கு, அக்கதையில் அற்புதத்தைக் காட்டிலும் அந்தத் தண்ணீரே அதிக ஆச்சரியத்தை விளைவிக்கிறது.

அந்தத் தண்ணீருக்காக இப்பிரதேசத்து மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக விண்ணப்பித்தும் போராடியும் வந்ததன் பயனாக, அத்திக்கடவு அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது. 1,916 கோடி ரூபாய்ச் செலவில், காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலிருந்து பவானி ஆற்றின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி. அளவுக்கு ஆறு நீரேற்று நிலையங்களால் மேடேற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களிலுள்ள 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் குழாய்வழியே அனுப்பப்படுகிறது. நீர் வந்த சந்தோஷத்தில் நானும் பங்குகொள்கிறேன். எனினும், நெடுங்காலம் வறண்டு, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு குட்டையில் வேறோர் ஆற்றின் நீர் வந்து நிற்கும்போது, அடியிலுள்ள மண் எவ்வளவை உள்ளே விடும், எந்தக் கிணற்றுக்கு எத்தனை மாதத்தில் ஊற்று எட்டும், அங்கே தங்கியிருந்த உப்பு எத்திசையில் நகரும், எந்தப் புல் முதலில் தலைகாட்டும், எந்தப் பறவை அதைத் தேடி வரும் என்னும் கேள்விகளுக்கு ஆண்டுதோறும் அளந்து விடை சொல்லத்தக்கவர்கள் 1,045 இடங்களுக்கும் வேண்டும். நாம் வகுக்கப்போகும் பட்டப்படிப்பு யாருக்காக என்று கேட்பவர்களுக்கு இதுவே என் விடை.

சுற்றுச்சூழல் கல்வி நம் கல்லூரிகளுக்குப் புதிதன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று அளித்த தீர்ப்பை அடியொற்றி, பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலை மாணாக்கருக்கும் பொதுவான ஒரு பாடத்தைப் பின்னர் விதித்தது. அப்பாடத்திட்டம் வகுத்த ஐம்பது விரிவுரைகளில் களப்பணிக்கு ஒதுக்கப்பட்டவை ஐந்து. வணிகவியல் மாணவருக்கும் கணக்கியல் மாணவருக்கும் அது போதும் என்று வைத்துக்கொண்டாலும், நிலத்தையே தொழிலாகக் கொள்ளப்போகிறவருக்கான பட்டப்படிப்பும் அதே விகிதத்தில் அமைவதை நான் ஒப்புக்கொள்ள இயலாது. அநேக இடங்களில் நடப்பது என்னவென்றால், தாவரவியல் துறையில் ஓர் ஆசிரியர் இருக்கிறார், ஆகவே ஒரு தாள். வேதியியல் துறையில் இருவர் இருக்கிறார்கள், ஆகவே இரண்டு தாள். சட்டம் தெரிந்தவர் ஒருவர் வாரத்தில் ஒருநாள் வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆகவே இன்னொரு தாள் என்று, கைவசமுள்ள ஆசிரியர்களின் சௌகரியத்தை அனுசரித்துப் பாடத்திட்டம் உருவாகிவிடுகிறது. பிறகு அதற்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறது.

நிலச் சூழலியல் அவ்விதம் ஒட்டுப்போட்டு உண்டான சாஸ்திரமன்று. 1935-இல் டான்ஸ்லி என்னும் ஆங்கிலேயர், உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் பிரிக்காமல் ஒரே அமைப்பாகக் கருத வேண்டும் என்று எழுதினார். 1939-இல் ஜெர்மானியரான கார்ல் டிரோல், விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, ஒரு நிலப்பரப்பு முழுவதையுமே ஆராயும் முறைக்கு வழிகாட்டினார். நம் தேசத்தில் இவ்வித்தையைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றச் செய்த ராம்தேவ் மிஸ்ரா, 1968-இல் வெளியிட்ட நூலைச் செய்முறைப் புத்தகமாகவே அமைத்தார் என்பது கருதத்தக்கது. ஐந்திணைப் பாகுபாட்டைச் சொல்லி நாம் முன்பே அறிந்தவர்கள் என்று பெருமை கொள்ளும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அப்பெருமை நியாயமானதே, ஆனால் அதை முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இரண்டாம் மணியில் மாணவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட வேண்டும்.

இனி, இந்த மண்வெட்டி எங்கே விழ வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நாம் கூடியிருக்கும் இடத்திலிருந்து தெற்கே சிறிது தூரம் போனால் நொய்யல். வெள்ளியங்கிரி மலைச்சரிவில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் இந்த ஆற்றின் ஒரு பகுதியை மாத்திரம் எடுத்துக்கொண்டாலே, பட்டப்படிப்பின் பாதிப் பாடங்களை அதன் கரையிலேயே நடத்திவிடலாம். பருத்திப் பின்னலாடைக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் பிடிப்பதற்காக உப்பை ஏராளமாகச் சேர்க்கிறார்கள். அவ்வுப்பு நூலில் தங்குவதில்லை, அவ்வளவும் கழிவு நீரோடு வெளியே வந்துவிடுகிறது. பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகே கட்டி 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சலவைப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் விட்ட நீரைத் தேக்கும் தொட்டியாயிற்று. நீர் கேட்ட ஆயக்கட்டுதாரர்களே அந்த நீர் வேண்டாம் என்று நீதிமன்றத்தை நாடும்படி நேர்ந்தது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை, 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, 2011 ஜனவரியில் எழுநூற்றுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி மறுபடியும் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு என்று இவ்வரலாறு தொடர்கிறது.

இதைச் சட்ட வகுப்பில் ஒரு வழக்காகவும், வேதியியல் வகுப்பில் ஒரு சமன்பாடாகவும், பொருளாதார வகுப்பில் ஏற்றுமதிக் கணக்காகவும் மூன்று துண்டாக்கிக் கற்பித்தால் மாணவர் தேர்வில் தேறுவார். ஆனால் பாதிக்கப்பட்ட காட்டின் வரப்பில் நிற்கும்போது அவருக்கு ஒன்றும் விளங்காது. ஏனென்றால், அதே உப்பு நீர் இரண்டு மண்ணில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. கரிசலில் களிமண் துகள்களோடு ஒட்டியிருக்கும் கால்சியத்தைச் சோடியம் அகற்றிவிட்டு அவ்விடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது; துகள்கள் கட்டு விட்டுச் சிதறி, நுண்துளைகளை அடைத்துக்கொள்ள, மேலே மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்குவதில்லை. மணற்பாங்கான செம்மண்ணிலோ உப்பு மழையோடு விரைவாகக் கீழே இறங்கிவிடுகிறது. நிலம் தேறியது என்று நாம் திருப்தி அடைந்திருக்கும்போது, அது கிணற்றைப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகையால் ஒருவருக்கு ஜிப்சம் போடுங்கள் என்று சொல்வதும், இன்னொருவருக்கு முதலில் வடிகால் வெட்டுங்கள் என்று சொல்வதும், அவரவர் காட்டில் குழி தோண்டிப் பார்த்த பிறகே சாத்தியம். வேதியியலும் சட்டமும் பொருளாதாரமும் அந்தக் குழியில் ஒன்றுகூட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மண்ணியல் அறிஞர்கள் இப்பகுதி மண்வகைகளுக்கு நம் ஊர்ப் பெயர்களையே இட்டிருக்கிறார்கள். இருகூர் வகை, பாலத்துறை வகை என்று செம்மண்ணுக்கும், பீளமேடு வகை, பெரியநாயக்கன்பாளையம் வகை என்று கரிசலுக்கும் ஊர்கள் பெயர் தந்திருக்க, அவற்றைப் பேருந்தில் தினமும் கடந்துவரும் மாணாக்கர், அமெரிக்கப் பிரெய்ரி மண்ணின் படத்தைப் பார்த்து மண்ணியல் கற்கிறார்கள். இது ஒரு விபரீதம். திருத்துவதற்குப் பணமும் வேண்டியதில்லை.

நஷ்டப்பட்ட நிலத்தை மாத்திரம் காட்டிக்கொண்டிருந்தால் இளைஞர் மனம் சோர்ந்துவிடும் என்பதையும் நான் அறிவேன். ஆகவே இரண்டாம் ஆண்டு மாணாக்கரை ஒரு வாரமேனும் காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி என்று மூன்றடுக்காக, மழை குறைந்த மேட்டாங்காட்டில் குடியானவர்கள் தங்கள் சொந்த நிலத்தில் பரம்பரையாக வளர்த்துக் காத்துவரும் மேய்ச்சல் காடு அது. காங்கயம் காளையின் திமிலும் திடமும் அந்தப் புல்லிலிருந்து வந்தவை. எந்தப் பட்டியில் எத்தனை நாள் மேய விடுவது, எப்போது மாற்றிக் கட்டுவது, புல் விதை உதிரும் வரை எதை மூடி வைப்பது என்பவற்றை ஏட்டில் எழுதாமலே கிரமமாக நடத்தி வந்திருக்கிறார்கள். அந்தப் பண்ணையார்களையும் ஆட்டுக்காரர்களையும் விருந்தினராக அழைத்து மாலை போட்டு அனுப்பிவிடாமல், செய்முறைத் தேர்வில் மாணாக்கரைக் கேள்வி கேட்கும் உரிமையோடு அமர்த்த வேண்டும். புறத் தேர்வாளருக்குப் பட்டம் அவசியம் என்று விதி குறுக்கே நின்றால், விதியைத் திருத்துவது பல்கலைக்கழகத்துக்கு அசாத்தியமான காரியமன்று.

பாடங்களின் வரிசையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. முதல் பருவத்தில் மண்ணும் மழையும் வர வேண்டும். உலக வெப்பம், ஓசோன் முதலிய பெரிய விஷயங்கள் கடைசியில் வரலாம். புள்ளியியலை மாணாக்கர் அஞ்சுகிறார்கள் என்பதற்காக விருப்பப் பாடமாக்கிவிடும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஒரு சதுர மீட்டர் சட்டத்தை எத்தனை இடத்தில் வைத்துப் புல்லை எண்ணினால் ஒரு காட்டைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்று தெரியாதவர் எண்ணாமலே இருப்பது உத்தமம். செயற்கைக்கோள் படங்களை வாசிக்கும் பயிற்சி இரண்டாம் ஆண்டில் வந்தால் போதும். நடந்து பார்த்த நிலத்தின் படத்தைத்தான் ஒருவர் சரியாக வாசிக்க முடியும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது, தொடர்ந்து அளக்கும் பழக்கம். கோயம்புத்தூரில் வேளாண்மைக் கல்லூரி நிலத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை, அரசுகள் மாறியும் கல்லூரி பல்கலைக்கழகமாகியும் இன்றளவும் நடந்துவருகிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843-இல் ஆரம்பித்த பரிசோதனைகளோடு சேர்த்து எண்ணத்தக்க செல்வம் நம் வாசலிலேயே இருக்கிறது. அத்தகைய பதிவேடு ஒன்றை இப்பட்டப்படிப்பும் தொடங்க வேண்டும். மூன்றாண்டில் வெளியேறும் மாணவர் தாம் எழுதிய கணக்கை அடுத்த அணியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாரானால், முப்பது ஆண்டில் அவிநாசி நிலத்தைப் பற்றி எந்த ஆய்வு நிறுவனமும் விலைகொடுத்து வாங்க முடியாத அறிவு இக்கல்லூரிகளிடம் இருக்கும்.

ஆட்சேபங்கள் எழும். வாகனச் செலவு, மாணவியரின் பாதுகாப்பு, களத்தில் கழிப்பறை வசதி ஆகியவை அற்பமானவையல்ல; அவற்றைப் பாடத்திட்டத்தின் அனுபந்தமாகத் தள்ளாமல், வரவுசெலவின் முதல் இனமாகச் சேர்க்க வேண்டும். இப்பட்டத்துக்கு வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பதும் நியாயம். கழிவு நீரை வெளியே விடாமல் முழுவதையும் சுத்திகரிக்க வேண்டும் என்னும் விதிக்குப் பின், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கும் பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை. அதைத் தீர்க்க வேண்டிய தொழிலதிபர்கள் இந்தச் சபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களே பெற்றோருக்குப் பதில் சொல்லட்டும்.

அவிநாசி, திருமுருகன்பூண்டிப் பக்கத்து வெள்ளத்தை நல்லாறு கொண்டுபோய்ச் சேர்க்கும் நஞ்சராயன் குளம், 2022-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. இங்கிருந்து அக்குளம் வரையுள்ள நல்லாற்று நீர்ப்பிடிப்பையே இப்பட்டப்படிப்பின் ஆய்வுக்கூடமாக அங்கீகரிக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு கல்லூரியும் அதிலுள்ள ஒரு குளத்தையோ குட்டையையோ ஏற்று ஆண்டுதோறும் அளந்து பதிய வேண்டும் என்றும், மொத்தப் பாட நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் களப்பணிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் இன்று மாலைக்குள் தீர்மானம் நிறைவேற்றிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்புமாறு பிரதிநிதிகளை வேண்டிக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.