கடைசி விசில் வரைக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து உதைக்கிறவன் நான்.

இப்போதெல்லாம் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே யார் ஜெயிப்பார்கள் என்று திரையில் சதவீதம் போட்டுவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிரிக்கெட்டில் பத்து ரன் விட்டாலும் பிடித்துக்கொள்ளலாம். கால்பந்தில் மொத்தமே இரண்டு மூன்று கோல்தான். ஒருத்தர் கை வழுக்கினால் கணக்கு தலைகீழ். அதனால் சொல்கிறேன், கடைசி விசில் வரை எழுந்திருக்காதவன்தான் ரசிகன்.

2015 டிசம்பர் 20. மழை வெள்ளத்தில் சென்னையே மூழ்கி, அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைப் புனேயில் ஆடிவிட்டு, கால்பந்து லீக்கின் இறுதிக்கு வந்திருந்தது நம் சென்னையின் எஃப்சி. அந்த சீசனின் நடுவில் பட்டியலில் கடைசியில் கிடந்த அணி அது! எதிரே கோவா, ஆட்டமும் கோவாவில்தான்.

சிப்காட் பக்கத்து டீக்கடையில் நின்று பார்த்தோம். நம் அணியின் மென்டோசாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொலம்பியாக்காரர். பந்து கிடைத்ததும் பக்கத்து ஆளைத் தேடமாட்டார். தடுக்க நிற்பவனை நோக்கியே ஓடுவார். அந்த சீசனில் 13 கோல், அவர்தான் முதலிடம். அன்றைக்கு அவர் அடித்த பெனால்டியை கோவா கோல்கீப்பர் கட்டிமனி தடுத்துவிட்டார். 87-வது நிமிடத்தில் கோவா 2-1. வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. நைட் ஷிப்ட் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டு ஏறிப் போனார்கள்.

90-வது நிமிடம். அதே கட்டிமனியின் கை பட்டே பந்து அவர் வலைக்குள் போனது. 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நேரத்தில், இரண்டாவது நிமிடம். மென்டோசா! பெனால்டியை விட்ட அதே மென்டோசா! 3-2, கோப்பை நமக்கு. கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை. வேனில் போனவர்களுக்கு போனில்தான் சேதி போயிற்று. அவர்களில் ஒருத்தர் இன்றைக்கும் கடைசி விசில் வரை பெஞ்சை விட்டு அசையமாட்டார். பக்கத்தில் இருப்பவனையும் விடமாட்டார்.

2018-லும் கோப்பை நமக்குத்தான். அடுத்த சீசனிலேயே கடைசி இடம்! ஜெயித்தபோது "நாம ஜெயிச்சோம்" என்றவர்கள், "அவனுங்க சரியில்ல" என்று நேரு ஸ்டேடியம் பக்கமே வரவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம்கூட இல்லை. 80-வது நிமிடத்தில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, என் முட்டியை இடித்துக்கொண்டு போகிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம். சென்ட்ரலில் வண்டி பிடிக்க வேண்டுமாம். அந்த வண்டியை விடுங்கள் ஐயா. நானும் கும்மிடிப்பூண்டிதான் போகவேண்டும்.