தலைவிதியா, தங்கிய விஷமா?

(காஞ்சீபுரத்தில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த ஊரில் பேசுவதென்றால் நமக்கு ஒரு தனி உற்சாகம் உண்டு. 1925-ம் வருஷத்தில் இதே காஞ்சீபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலிருந்துதான், வகுப்புவாரி உரிமைக்கு அங்கே இடமில்லையென்று கண்டு பெரியார் அவர்கள் வெளியேறினார். அன்று கேட்கப்பட்டது ஒரு கணக்கு. யாருக்கு எத்தனை பங்கு என்கிற கணக்கு. இன்று நாம் பேச வந்திருப்பதும் ஒரு கணக்கைப் பற்றித்தான். நம் சரீரத்திற்குச் சம்பந்தமில்லாத ரசாயனப் பொருள்கள் உள்ளே எவ்வளவு போகின்றன, எவ்வளவு வெளியேறுகின்றன, எவ்வளவு தங்கிவிடுகின்றன என்பதே அந்தக் கணக்கு.

இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒரு வீட்டில் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. இன்னொரு வீட்டில் கர்ப்பம் தங்கவில்லை. உடனே சோசியன் ஜாதகத்தைப் புரட்டி, "முன் ஜென்ம வினை" என்கிறான். பரிகாரம், தட்சிணை, தீர்த்த ஸ்நானம் என்று பணம் பறிபோகிறது. எல்லா நோய்க்கும் விஷமே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் ஒரு சோசியனாகிவிடுவோம். ஆனால் பரீட்சை செய்து பார்ப்பதற்கு முன்னாலேயே "வினை" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறானே, அந்த அயோக்கியத்தனத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

இனி விஷயத்திற்கு வருவோம். காலை 6 மணிக்கு நாம் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிறோம். அதிலுள்ள கபீன் என்னும் சத்து சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகிறது. 11 மணிக்குப் பாதி. மாலை 4 மணிக்குக் கால் பங்கு. இப்படிப் பாதியாவதற்கு ஆகும் காலத்தைத்தான் விஞ்ஞானிகள் அரை ஆயுள் என்கிறார்கள். தண்ணீரில் கரையும் பொருளை மூத்திரக்காய் வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறது. எண்ணெயில் கரையும் பொருளை ஈரலானது சற்று மாற்றி, தண்ணீரில் கரையும்படி செய்து அனுப்பப் பார்க்கிறது. ஆனால் டி.டி.டி., டையாக்சின் போன்ற குளோரின் சேர்ந்த பொருள்களை ஈரலால் லேசில் உடைக்க முடிவதில்லை. அவை கொழுப்பில் போய்க் குடியேறிவிடுகின்றன. டையாக்சின் மனித உடலில் பாதியாக 7 வருஷத்திற்குக் குறையாமல் ஆகும்.

கடன் என்றால் என்னவென்று நெசவாளத் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தினம் ஒரு பங்கு வீதம் உடலுக்குள் போகும் இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஒரு நாளில் பாதியாவது. எத்தனை வருஷம் போனாலும் அது 2 பங்குக்கு மேல் சேராது. மற்றொன்று 10 வருஷத்தில் பாதியாவது. அது ஏறிக்கொண்டே போய் முடிவில் 5,000 பங்குக்கு மேல் நிற்கும். தினம் உள்ளே போனது இரண்டிலும் ஒரே அளவுதான். தங்கியதிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். "கொஞ்சந்தானே, என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இந்தக் கணக்கு மனிதனுக்கு மட்டுமல்ல. பாலூட்டும் பிராணிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. நம் பார்ப்பனத் தோழர்கள் பசுவின் பாலும் நெய்யும் பரிசுத்தமென்கிறார்கள். சாமி தலையிலும் குடங் குடமாய் ஊற்றுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மாகாணங்களில் 2,205 பால் மாதிரிகளைச் சோதித்து 1993-ல் வெளியிட்ட அறிக்கையிலே, நூற்றுக்குச் சுமார் 82-ல் டி.டி.டி. இருந்ததாகக் கண்டது. விவசாயத்தில் அம்மருந்து 1989-லேயே தடுக்கப்பட்டிருந்தது. மாடு தின்ற விஷம் அதன் கொழுப்பிலே சேர்ந்து பாலின் வழியே இறங்குகிறது. புனிதம் பார்த்து அது ஒதுங்கி நிற்பதில்லை.

சென்னைக்குத் தெற்கே பெருங்குடிக் குப்பைமேட்டை உங்களில் பலர் ரயிலேறிப் போகும்போது கேள்விப்பட்டிருப்பீர்கள். குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் டையாக்சின் உண்டாகிறது. அந்தச் சுற்றுவட்டாரத்துத் தாய்மார்களின் பாலைச் சோதித்த ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், அதில் டையாக்சின் கூடுதலாக இருப்பதை 2004-ல் வெளியிட்டார்கள். அங்கே மேயும் மாடுகளின் பால் அதற்கு ஒரு வழியாக இருக்கலாமென்றும் எழுதினார்கள். குப்பையிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து சிசுவுக்கு! தாய் பல வருஷமாகச் சேர்த்ததில் மற்றக் குழந்தைகளைவிட அதிகப் பங்கைப் பெறுவது முதற் குழந்தை. அந்தக் குழந்தை எந்த முன் ஜென்மத்தில் என்ன பாவம் செய்தது? இதைக் கேட்டுத் தாய்மார்கள் பால் கொடுப்பதை நிறுத்திவிடக் கூடாது. அதைவிட நல்ல ஆகாரம் குழந்தைக்கு இல்லையென்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நிறுத்த வேண்டியது குப்பை எரிப்பதையேயொழியத் தாய்ப்பாலையல்ல.

அடுத்தது காரீயம். இது கொழுப்பில் தங்காது. சுண்ணாம்புச் சத்தைப் போல் வேஷம் போட்டுக்கொண்டு எலும்பில் நுழைந்துவிடும். ரத்தத்திலுள்ள ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பிலுள்ளதோ பாதியாக 10 முதல் 30 வருஷம் வரை பிடிக்கும்.

உங்கள் ஊர் அத்தி வரதர் 40 வருஷம் குளத்துக்குள் கிடந்து, 1979-லும் பிறகு 2019-லும் வெளியே வந்தார். 2019-ல் 48 நாள் தரிசனத்திற்கு லட்சக்கணக்கான ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். அவராவது தேதி குறித்து, தண்டோராப் போட்டு வருகிறார். எலும்புக்குள் கிடக்கும் ஈயமோ சொல்லாமல் வருகிறது. பெண் கர்ப்பமாகும்போது வருகிறது. பால் கொடுக்கும்போது வருகிறது. கிழவியாகி எலும்பு தேயும்போது வருகிறது. சிறுமியாயிருந்தபோது தின்ற ஈயம் அவள் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாவிட்டால் சோசியன் சனியைக் காட்டுவான். சனி எங்கோ ஆகாயத்தில் இருக்கிறது. ஈயம் தாயின் எலும்பில் இருந்தது.

யூனிசெப் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் மிஞ்சியிருக்கிறது. அவர்களில் 27 கோடிக்கு மேல் இந்தியக் குழந்தைகள். பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கும் இடம், பழைய பெயிண்ட், காரீயம் கலந்த ஈயப் பூச்சுப் பாத்திரம் ஆகிய இவையெல்லாம் வழிகள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் இந்தப் பயமில்லை. நிறத்திற்காக ஈயச் செந்தூரம் கலந்தால் அது விஷம். நெற்றியில் இட்ட கை வாய்க்குப் போகத்தானே செய்யும்? அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017-ல் வெளியான ஆராய்ச்சியில் பத்துக்கு எட்டு வீதம் ஈயம் தென்பட்டது. சாமி பிரசாதமென்றால் ஈயம் பயந்து ஓடிவிடுமா?

விஷத்தை இறக்கக் கசாயமும் பற்பமும் விற்கிறார்களே என்பீர்கள். இன்டர்நெட் மூலம் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவில், ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ, பாதரசமோ, பாஷாணமோ இருந்ததாகக் கண்டார்கள். விஷத்தை இறக்கப் போய் விஷத்தையே வாங்கித் தின்கிற கதை இது. சர்வதீர்த்தக் குளத்தில் முழுகினால் தோலின் அழுக்குப் போகும். எலும்பின் ஈயம் போகாது. ஈயம் மிகவும் மிஞ்சிவிட்டால் அதற்குரிய வைத்தியம் ஆஸ்பத்திரியில் உண்டு. அதுவும் வரும் வழியை அடைத்த பின்புதான் பயன்படும்.

பட்டுக்குச் சாயம் தோய்க்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சில பொருள்கள் தங்குவதில்லை. ஆனால் போகிற வழியில் வினை வைத்துவிட்டுப் போகும். பென்சிடினிலிருந்து செய்த சாயங்கள் உடலுக்குள் மறுபடி பென்சிடினாகப் பிரிந்து மூத்திரத்தில் போகும். போகும்போது மூத்திரப்பையில் புற்றுநோய்க்கு வித்திடும். சாயத் தொழிற்சாலை வேலையாட்களுக்கு இந்த நோய் வருவதை ஜெர்மனியில் ரேன் என்ற டாக்டர் 1895-லேயே எடுத்துக்காட்டினார். இந்தியாவில் 1997-ல் 70 அசோ சாயங்கள் தடுக்கப்பட்டன. ஆகையால் டப்பாவின் மேல் பெயரும் விவரமும் இல்லாத சாயத்தைத் தொடாதீர்கள். கையுறை கொடுக்கச் சொல்லி முதலாளியைக் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, உரிமை.

வயிறு காய்ந்த பிள்ளையின் உடல்தான் ஈயத்தை அதிகம் இழுக்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த இடத்தில் ஈயம் புகுந்துகொள்கிறது. பணக்காரன் பிள்ளைக்குப் பாலும் பழமும் காவல். ஏழைப் பிள்ளைக்குக் கேழ்வரகும் கீரையுமாவது கிடைக்கவேண்டாமா? தட்சிணைக்குப் போகும் காசை அதற்குச் செலவழியுங்கள்.

இதற்கெல்லாம் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சுவீடன் தேசத்தில் 1970-களில் டி.டி.டி.யைத் தடுத்தபின் தாய்ப்பாலில் அது வருஷத்துக்கு வருஷம் இறங்கி வந்தது. நம் நாட்டில் 2000-த்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. 2017 முதல் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்று சட்டம் வந்தது. இவற்றில் எதுவும் யாகத்தால் வந்ததல்ல. எண்ணிப் பார்த்தவர்களாலும் எதிர்த்துக் கேட்டவர்களாலும் வந்தது.

ஆகவே தோழர்களே! குப்பையை எரிக்காதே என்று முனிசிபாலிட்டியைக் கேளுங்கள். குங்குமத்தையும் பெயிண்டையும் சோதித்து விற்கச் சொல்லிச் சர்க்காரைக் கேளுங்கள். பிள்ளை மந்தமாயிருந்தால் ஜாதகத்தை மூடிவிட்டு ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லி ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். வினை என்று சொல்லிவிட்டால் விஷத்தை வைத்தவன் தப்பித்துக்கொள்ளுகிறான். கணக்குக் கேட்டால்தான் அவன் அகப்படுவான் என்று கூறி, இவ்வளவோடு நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.