ஒரு பறையும் இரண்டு சமூகங்களும்



பண்பாடு, மரபு என்னும் இரு சொற்களும் மேடைகளில் இரட்டைப் பிள்ளைகளைப் போல் சேர்ந்தே உலவுகின்றன. நகரச் சமுதாயத்தில் அவை ஒரு பொருளையும் சிற்றூரில் வேறொரு பொருளையும் தருகின்றன. இதனைப் பொதுப்பட விளக்குவதைவிட, ஒரேயொரு கருவியை எடுத்துக்கொண்டு அதன் வழியே காண்பது பயன் தரும். அக்கருவி பறை.

பறை என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு. மலையாளத்தார் இன்றும் பேசுவதைப் ‘பறயுக’ என்றே வழங்குகின்றனர். தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்குமிடத்துத் தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் வைத்தது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்தோர் வகுத்துரைத்தனர். இவ்வாறு எல்லா நிலத்துக்கும் உரியதாய் இருந்த ஒரு கருவி, ஒரு சாதியாரின் தோளில் மட்டும் சுமையாக இறங்கியது எவ்வாறு என்பது நீண்ட வரலாறு. அதனை விரிக்க இவ்வவையில் நேரம் போதாது. ஒதுக்கப்பட்டவரைக் குறிக்க ஆங்கிலம் எடுத்துக்கொண்ட சொல், இக்கருவியின் பெயரால் அழைக்கப்பட்ட மக்களின் பெயரிலிருந்தே பிறந்தது என்பதை நினைவிற்கொண்டால் போதும்.

கருவியின் அமைப்பு எளியது. வேப்பமரத்தின் மூன்று துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் இணைத்து வட்டமாக்குவர். மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசைகொண்டு அதன்மேல் இழுத்து ஒட்டுவர். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மூங்கிலால் ஆன நீண்ட மெல்லிய சிண்டுக்குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் தோல் விறைத்து ஓசை எழும். மழைக்காலத்துச் சாவு வீட்டில் அத்தீக்கு உலர்ந்த வைக்கோல் தேடுவதே ஒரு பெரும்பாடு.

சிற்றூரில் அடி என்பது ஒரு மொழி. சாவுக்கு ஓர் அடி, சாமி சாட்டுவதற்கு ஓர் அடி, சப்பரம் நகர்வதற்கு ஓர் அடி, அருள் வந்து ஆடுவதற்கு மருள் அடி என்று அது விரியும். தொலைவில் வயலில் நிற்பவர், எவரும் வந்து சொல்லாமலே, ஊரில் நிகழ்ந்தது நல்லதா கெட்டதா என்பதை அடியைக் கேட்டே அறிந்துகொள்வார். ஏடறியாத மக்கள் செவியில் எழுதிவைத்த அகராதி அது. நாட்டார் கலையைப் போற்றுவோர் இந்த இடத்திலேயே நின்று மகிழ்ந்துவிடுகின்றனர். இதற்கு அடுத்த அடியை எடுத்துவைக்கப் பலருக்கு மனம் வருவதில்லை.

பறையடிப்பவரைச் சாவு வீட்டார் அழைப்பதில்லை, ‘சொல்லி அனுப்புவார்கள்’. அழைப்புக்கு மறுப்புச் சொல்லலாம். சொல்லி அனுப்பியதற்கு மறுப்புக் கிடையாது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து போடும் நெல்லே ஆண்டு முழுமைக்குமான ஊதியம். ஊர்ப் பணியாளர்க்குரிய இத்தகைய பங்குக்குப் பழைய வழக்கிலே ‘சுதந்திரம்’ என்று பெயர். அகராதியும் பரம்பரை உரிமை என்னும் பொருளை அச்சொல்லுக்குத் தருகின்றது. தலைமுறை தலைமுறையாக விட்டு விலக முடியாத ஒரு வேலைக்கான கூலியை அப்பெயரால் அழைத்த மொழி நம் மொழி. சொல்லோடு வாழும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது இது.

இப்பின்னணியில்தான் மறுப்பு எழுந்தது. 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டு நிறைவெய்திய காலத்தை ஒட்டித் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இளைஞர்கள் ‘இனிச் சாவுக்குப் பறையடிப்பதில்லை’ என்று முடிவெடுத்தனர். சில ஊர்களில் பறைகள் தீயிலும் இடப்பட்டன. இதற்கு ஊரார் சொன்ன விடை பெரும்பாலும் ஒன்றே: மரபை மீறலாகாது. வயலில் வேலை இல்லை, கடையில் பொருள் இல்லை, பொதுவழியில் நடக்கத் தடை என்று கட்டுப்பாடுகள் வந்தன. மரபு என்னும் மென்மையான சொல்லுக்குள் எத்தனை கடினமான எலும்பு இருக்கின்றது என்பதை அவ்வூர்கள் காட்டின.

அதே ஆண்டுகளில் நகரத்தில் நடந்தது வேறு. ஊர் இழிவின் அடையாளமாக்கிய கருவியை எதிர்ப்பின் கருவியாக மேடையேற்றினர் தலித் கலைக்குழுவினர். ‘வடு’ என்னும் தன்வரலாற்றை எழுதிய கே. ஏ. குணசேகரன் நாட்டார் இசையைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்களுக்கே உரியதென ஊர் வகுத்திருந்த ஒன்றைப் பெண்கள் அடித்து ஆடியது அம்மேடைகளின் பெரும் மாற்றம். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பூங்காக்களிலும் கடற்கரையிலும் பறையை ஒலிக்கச் செய்தது. அமெரிக்கத் தமிழ்ச் சங்க விழாக்களிலும் அது ஒலிக்கின்றது. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அப்படியாயின் சிற்றூர் இருள், நகரம் ஒளி என்று முடித்துவிடலாமா? அதுவும் சரியாகாது. நகரத்து மேடை பத்து நிமிடம் தருகின்றது. அந்தப் பத்து நிமிடத்தில் விரைவும் முழக்கமுமே கைத்தட்டல் பெறும். ஒரு கிழவியின் பிணத்தருகே விடியும்வரை மெல்ல மெல்ல அடிக்கும் அடிக்கு அங்கே இடமில்லை. கேட்பாரின்றி அவ்வடிகள் மறைகின்றன. மேலும், சங்கமம் நடக்கும் அதே சென்னையில், ஏதோ ஒரு குறுகிய தெருவில், பிணவண்டியின் முன்னே மேளமடித்துச் செல்லும் இளைஞர்களும் இருக்கின்றனர். அவர்களைக் கலைஞர் என்று நகரமும் அழைப்பதில்லை. போக்குவரத்து நெரிசல் என்றே அழைக்கின்றது.

அரசுக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு, தண்டோரா போட்டு அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுக்கொண்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளைக்கொண்டு செய்தி அறிவிக்கலாம் என்றது. வழக்கம் அழிகின்றதே என்று வருந்தியோர் உண்டு. வருந்தியவர்களுள் தண்டோரா போட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில் தவறில்லை.

ஆகவே, ஊருக்கும் நகருக்கும் இடையே உள்ள வேறுபாடு பழமைக்கும் புதுமைக்கும் இடையே உள்ளது என்பது மேலோட்டமான பார்வை. மாட்டேன் என்று சொல்ல முடிகின்ற இடத்தில் பறை கலையாகின்றது. சொல்ல முடியாத இடத்தில் அது வேலையாக, சில நேரம் தண்டனையாகக்கூட, எஞ்சுகின்றது. சாவுக்கு அடிக்க மறுத்த குடும்பங்களிலிருந்தே மேடையேறியவர்களும் வந்தனர். தந்தை கீழே வைத்ததை மகன் கையிலெடுப்பது முரணாகத் தோன்றலாம். இருவரும் செய்தது ஒன்றே. ஊர் சொல்லி அனுப்பியதற்காக அடிப்பதை இருவருமே விட்டுவிட்டனர்.

கவிஞர்கள் நிறைந்த அவை இது என்பதால் இலக்கணம் பற்றி ஒரு சொல். ‘முழங்கு பறையே’, ‘பறை அதிரட்டும்’, ‘கொட்டு முரசே’ போன்ற தொடர்கள் கவியரங்குகளில் மிகுதியாகக் கேட்கின்றன. அவற்றுள் வருவன ஏவலும் வியங்கோளும். களத்துமேட்டிலிருந்து சொல்லி அனுப்பியவர் வழங்கிய வினைகளும் இவையே. தோலைக் காய்ச்சுகின்றவர், குச்சியைப் பிடிக்கின்றவர், விரல் வெடிக்க அடிக்கின்றவர் அத்தொடர்களில் எழுவாயாக வருவதில்லை. அவரை எழுவாயாக வைத்து எழுதிய வரிகளைத் தலித் கவிஞர்கள் சென்ற முப்பது ஆண்டுகளாக எழுதி வருகின்றனர். வட்டத்தின் அடுத்த கூட்டங்களில் அவை வாசிக்கப்பட வேண்டும். அவற்றை எழுதியவர்களே வந்து வாசித்தால் இன்னும் நன்று.